கையில் 3,000 ரூபாய்: சுவருக்குப் படமா, அலமாரிக்குப் புத்தகமா?

பெரம்பூரில் வாடகை வீட்டுக்குக் குடிபோயிருக்கும் ஒரு தங்கை எழுதியிருந்தார்: “அக்கா, அடுத்த மாதம் போதகர் வந்து வீட்டில் ஜெபம் செய்கிறார். ஹால் சுவர் காலியாகக் கிடக்கிறது. 3,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். வீட்டுக்காரர் பெரிய படமாக வாங்கலாம் என்கிறார். எனக்குப் புத்தகம் வாங்க ஆசை. மாமியார் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எதை வாங்கினால் யாருக்கும் மனசு கோணாது?”

போன கிறிஸ்துமஸிலிருந்து இந்தக் கேள்வி வெவ்வேறு உருவில் வந்துகொண்டிருக்கிறது. ராயபுரத்தில் ஒரு தகப்பன், “நினிவே எங்கேப்பா இருக்கு?” என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டார். அம்பத்தூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், “பேரனுக்குத் திடப்படுத்தல் வருது. மோதிரம் வேண்டாம். அவனோட கூடவே இருக்கிற மாதிரி ஏதாவது சொல்லும்மா” என்றார். (திடப்படுத்தல் என்பது வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும் சபைச் சடங்கு.) மூவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நான் முதலில் கேட்பது, வீட்டில் அதை யார் தொடப்போகிறார்கள் என்பதைத்தான். தினமும் யார் கண்ணிலாவது படுமா, யார் வாயிலாவது வருமா? பரணுக்குப் போகிற பொருள் இலவசமாக வந்தாலும் நஷ்டம்தான்.

அடுத்தது முழுச் செலவு. படம் என்றால் ஃப்ரேம், கண்ணாடி, ஆணி, வீடு மாறும்போது உடையாமல் கொண்டுபோகும் பாடு எல்லாம் சேர்த்தி. புத்தகம் என்றால் அதைப் படிக்கும் நேரமும் உரையின் உதவியும் சேர்த்தி.

மூன்றாவது நம் ஊர்க் காற்று. கடலோர ஈரம் காகிதத்தையும் மரத்தூள் பலகையையும் சும்மா விடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் புகுந்த வீடுகளில் முதலில் நனைந்தது கீழ்த்தட்டுப் புத்தகங்கள்தான்.

நான்காவது வீட்டின் சபை மரபு. கத்தோலிக்க வீட்டில் திரு இருதய ஆண்டவர் படமும் சுரூபமும் ஜெபத்தின் பகுதி. பல பெந்தெகொஸ்தே வீடுகளில் படமே வைப்பதில்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பரிசு வாங்காதீர்கள்.

## சுவருக்குப் படம்

கடைகளில் தொங்கும் வண்ணப் படம் ஃப்ரேமோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும். ஆனால் பெரும்பாலும் அது பிரதியின் பிரதியாக இருக்கும். முகம் ரோஸாகவும் ஆடை பளீர் நீலமாகவும் அடித்திருப்பார்கள். வெயில் விழும் சுவரில் மாட்டினால் சில கோடைகளிலேயே சிவப்பும் மஞ்சளும் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சும்.

நான் சொல்வது வேறு வழி. ஓவியத்தைப் பெயர் சொல்லித் தேடி, நல்ல கோப்பாக இறக்கி, நீங்களே அச்செடுங்கள். நாம் சிறுவயதிலிருந்து பார்க்கும் படங்களை வரைந்தவர்கள் யார் என்றே பலர் யோசித்ததில்லை. கெத்செமனேயில் பாறைமேல் கை கோத்து ஜெபிக்கும் இயேசு, ஜெர்மன் ஓவியர் ஹைன்ரிச் ஹோஃப்மன் வரைந்தது. கையில் விளக்கோடு கதவைத் தட்டும் இயேசு, ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட் 1850-களின் தொடக்கத்தில் வரைந்தது. அடுத்த முறை பார்க்கும்போது அந்தக் கதவைக் கவனியுங்கள். வெளிப்பக்கம் கைப்பிடி இருக்காது. “இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்” என்ற வசனத்துக்கு அவர் செய்த விளக்கம் அது: உள்ளே இருப்பவர் திறந்தால்தான் உண்டு. கூப்பிய கைகள் படம் ஆல்பிரெக்ட் டியூரர் 1508-இல் நீலத் தாளில் தூரிகையால் தீட்டியது. இப்படி ஒரு கதையோடு சுவரில் ஏறும் படம், கடையில் கைக்கு வந்ததை வாங்கிய படத்தைவிடப் பல மடங்கு பேசும்.

காப்புரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் படைப்பு பொதுவுடைமை. ஹன்ட் 1910-இலும் ஹோஃப்மன் 1911-இலும் காலமானார்கள், ஆகவே தடையில்லை. ஆனால் பல வீடுகளில் இருக்கும் அந்தப் பழுப்பு நிற இயேசு முகத்தை 1940-இல் வரைந்த அமெரிக்கர் வார்னர் சால்மன் 1968-இல்தான் இறந்தார். அந்தக் கணக்கு 2028 முடியும்வரை ஓடும். அதை அச்செடுத்துச் சபை விற்பனையில் வைப்பது சரியில்லை.

சிக்கனத்துக்கு என் முதல் பரிந்துரை குஸ்தாவ் டோரே. 1866-இல் வெளிவந்த பிரெஞ்சு வேதாகமத்துக்காக இவர் வரைந்த மரச்செதுக்குப் படங்கள் 200-க்கும் மேல். எல்லாமே கறுப்பு வெள்ளை. அச்சில் நிறம் மாறிப்போகுமே என்ற கவலை கிடையாது. சாதாரண லேசர் பிரிண்டரில் ஏ3 அளவில் எடுத்தால் டீ, வடைக் காசுதான். டோனரின் கரி, இங்க்ஜெட் மை போலச் சீக்கிரம் வெளுக்காது. கொஞ்சம் தடித்த, வழவழப்பில்லாத தாளைக் கேட்டு வாங்குங்கள். ரெம்பிராண்டின் செப்புத்தகட்டுப் படங்களும் இதே வகை. ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் இவற்றைப் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகின்றன.

பெரம்பூர் வீட்டுக்கு நான் மனதில் வைத்திருப்பது ரெம்பிராண்டின் 1636-ஆம் ஆண்டுப் படம். இயேசு சொன்ன உவமையில் வருவதுபோல, வீடு திரும்பிய இளைய மகனைத் தகப்பன் வாசல் படியிலேயே குனிந்து தழுவுகிறார். உங்கள் சபையில் அவன் கெட்ட குமாரன், மாமியார் சபையில் ஊதாரி மைந்தன். தகப்பன் ஒருவர்தான். இரண்டு மரபுக்கும் பொதுவாக உவமைக் காட்சியைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ஃப்ரேம். செலவே இங்கேதான். பார்க் டவுன் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, ஃப்ரேம் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் விலை புரிந்துவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளை மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி நேராகப் படத்தைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் தாள் கிழியும். பின்பக்கம் முழுதும் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன ரப்பர் பொட்டு வைத்தால் சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே காற்று போகும். நான் இதெல்லாம் தெரியாமல் ஒரு கடையில் அவசரமாகச் செய்து வாங்கிய படத்தில், ஒரே ஐப்பசி மழையில் பின் அட்டை பூத்து, யோசேப்பின் தோளில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. அம்மா கையால் கொடுத்த படம் அது. இன்றும் அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. மழை ஊறும் வெளிச்சுவரில் எந்தப் படத்தையும் மாட்டாதீர்கள்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்களே என்றால், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டு அலமாரி மேல் சாய்த்து வையுங்கள். இரட்டைப் பக்க டேப்பை நம்ப வேண்டாம். கோடையில் பெயிண்டோடு பெயர்ந்து விழும்.

கையால் வரைந்த படம்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலை மேலேயே, 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் சின்ன அளவில் ஒரு மைக்கோட்டு ஓவியம் கேட்டுப் பாருங்கள். என்ன காட்சி, என்ன அளவு, எந்தத் தேதி என்று எழுதிக்கொடுத்து, பாதிப் பணத்தை முதலிலேயே கொடுங்கள். பேரம் பேசிக் குறைக்காதீர்கள், அது ஒரு மாணவரின் பல நாள் உழைப்பு. அதை வாழ்த்து அட்டையாக அச்சிட விரும்பினால் தனியாக அனுமதி கேளுங்கள். தஞ்சாவூர் ஓவிய பாணியிலும் மரியன்னை, நல்ல மேய்ப்பர் படங்கள் செய்கிறார்கள். அசல் தங்கத் தகடு என்றால் 3,000 ரூபாய்க்குள் உருப்படியான அளவில் எதிர்பார்க்க வேண்டாம். போலித் தகடு சில ஆண்டுகளில் கறுக்கும். பணம் சேரும்வரை பொறுப்பதே மேல்.

படம் யாருக்குப் பொருத்தம்? எழுத்து படிக்காத சின்னப் பிள்ளைகளும் கண் மங்கிய பெரியவர்களும் உள்ள வீட்டுக்கு. அடிக்கடி வீடு மாறுபவர்களுக்குப் பெரிய படம் பாரம்.

## வசனப் பலகை

பெரும்பாலோர் முதலில் வாங்குவது இதைத்தான். நான் கடைசியில் வைப்பேன். வசனத்தின் மேல் குறை சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் கண் பழகிப்போய் யாரும் படிப்பதில்லை என்பதுதான் என் அனுபவம். எம்.டி.எஃப். என்னும் மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதி ஓரம் பிரியும். கணினியில் வெட்டும்போது எழுத்துப்பிழையும் வரும், ஆகவே புள்ளி, கால், ர, ற எல்லாம் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள். எந்த மொழிபெயர்ப்பு என்றும் கேளுங்கள். பழைய திருப்புதலில் வளர்ந்தவருக்கும் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஜெபிப்பவருக்கும் ஒரே வசனம் வேறு ஓசையில் மனப்பாடமாகியிருக்கும்.

படம் வைக்காத வீடுகளுக்கும் வாசல் நிலைக்கும் இது சரியான தேர்வு. “நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்” வாசலில் இருப்பது அழகு. இன்னும் மலிவான வழி ஒன்று உண்டு: வீட்டில் கையெழுத்து நன்றாக உள்ளவர் தடித்த தாளில் எழுதட்டும். “உன் வீட்டு நிலைகளிலும், உன் வாசல்களிலும் எழுதுவாயாக” என்றுதானே உபாகமம் சொல்கிறது. ஒவ்வொரு புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்துக்கும் தாளை மாற்றினால் கண்ணும் பழகிப்போகாது.

## கவிதை

முழுச் செலவைக் கணக்குப் பார்த்தால் இதை எதுவும் வெல்லாது. ஆணி வேண்டாம், கண்ணாடி வேண்டாம், மனப்பாடமான பாட்டை வெள்ளமும் தொடாது. தவிர, தமிழில் இந்தச் செல்வம் கொட்டிக் கிடக்கிறது.

வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய தேம்பாவணியில் 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். தலைவன் இயேசுவை வளர்த்த சூசையப்பர் (யோசேப்பு). அவருக்கு ‘வளன்’ என்று பெயர் வைத்திருக்கிறார். யூதேயாவைப் பாட வந்தவர், நாட்டுப் படலம், நகரப் படலம் என்று நம் காப்பிய மரபிலேயே தொடங்கி, அந்த வறண்ட மலைநாட்டைத் தமிழ் மருத நிலமாகவே ஆக்கிவிடுகிறார். படிக்கப் படிக்க இனிக்கும். ஆனால் உரையில்லாத பதிப்பை வாங்கினால் பத்தாவது பாட்டில் மூடி வைத்துவிடுவீர்கள். இதன் மறைமுகச் செலவு அதுதான். உரையோடு கூடிய பதிப்பையே வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வந்தது. திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியனின் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில உரைநடைக் கதையை எடுத்து, கம்பனின் நடையில் ஊறிய காப்பியமாகப் பாடினார். நடுவில் ‘தேவாரம்’ என்ற பெயரில் வரும் துதிப்பாடல்களைக் குடும்ப ஜெபத்தில் அப்படியே பாடலாம். முழு நூலில் இறங்கத் தயங்குபவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

எளிய தமிழ்தான் வேண்டும் என்றால் கண்ணதாசனின் இயேசு காவியம். அவர் மறைந்த பின் 1982-இல் வெளியானது. உரை வேண்டாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே படிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகளில் ஏற்கெனவே ஒரு கவிதைத் தொகுப்பு இருக்கிறது: கீர்த்தனைப் புத்தகம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியோடு ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். 89 வயது வாழ்ந்து 1864-இல் மறைந்தார். ஞாயிறு தோறும் அவர் பாட்டை ராகத்தோடு பாடுகிறோம், அதைக் கவிதையாக நின்று படித்திருக்கிறோமா? ஒரு ரூபாய் செலவில்லாமல் இன்று இரவே தொடங்கலாம்.

காசு கொடுக்குமுன் சுவைத்துப் பார்க்கவும் வழி உண்டு. தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழும்பூர் கன்னிமாராவிலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்து பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாங்கப் போனால் பார்க் டவுன் ஈவினிங் பஜார் சாலையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம், வேப்பேரி நெடுஞ்சாலையில் ஈ.எல்.எஸ். கடை.

## வேத வரலாறு

பிள்ளைகள் கேள்வி கேட்கும் வயதில் இருந்தால், மற்றதை எல்லாம் தள்ளி வைத்து இதை வாங்குங்கள்.

முதலில் ஒரு சுவர் வரைபடம். யோனா தீர்க்கதரிசியிடம் நினிவேக்குப் போ என்றார் ஆண்டவர். நினிவே வடகிழக்கே, இன்றைய ஈராக்கின் மோசூல் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அவனோ மேற்கே கடற்கரைக்குப் போய் யோப்பாவில் கப்பல் ஏறினான். விரலை வைத்துக் காட்டினால் பிள்ளைக்கு அந்த ஓட்டம் ஒரே நொடியில் புரியும். நல்ல சமாரியன் கதையில் வரும் எருசலேம்–எரிகோ பாதை கிட்டத்தட்ட நம் பீச்–தாம்பரம் மின்ரயில் தூரம்தான். ஆனால் அதற்குள் 1,000 மீட்டர் கீழே இறங்குகிறது. கள்ளர் ஒளிய எத்தனை திருப்பம் இருந்திருக்கும் என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வேதாகம அகராதி அல்லது வரலாற்று நூல். வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: பதிப்பாண்டு அச்சிட்டிருக்கிறதா, பொருளடைவு இருக்கிறதா, ‘பாரம்பரியம் சொல்கிறது’, ‘தோண்டி எடுத்திருக்கிறார்கள்’ என்று பிரித்து எழுதுகிறதா. பழைய வேதப் பிரதிகளான சாக்கடல் சுருள்கள் 1947-இல் குகையில் கிடைத்தன, ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. இவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாத நூல் பழைய நூலின் மறுஅச்சு என்று அறிந்துகொள்ளலாம். பேழை கிடைத்துவிட்டது, உலகம் முடியும் எக்காள நாள் இதுதான் என்று பரபரப்பாகப் பேசும் புத்தகங்களை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். விசுவாசத்துக்கு அந்த முட்டு தேவையில்லை.

வசனப் பலகைக்கும் இது உயிர் கொடுக்கும். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் இருக்கிறது! “சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்று அது சொல்வது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில். முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று வருகிறது. உடனே விடுதலை என்று சொல்லவில்லை, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது அதே கடிதம். வேலை போய்க் கலங்கியிருந்த ஒரு வருஷம், இந்தப் பின்னணி தெரிந்த பிறகுதான் அந்த வசனம் என்னைத் தாங்கியது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தித்திப்பு: சாலொமோனுக்கு வந்த சரக்கில் மயில்களும் உண்டு என்று 1 இராஜாக்கள் 10:22 சொல்கிறது. அங்கே வரும் எபிரெயச் சொல் நம் ‘தோகை’தான் என்று கால்டுவெல் எடுத்துக்காட்டினார்.

செலவே இல்லாத வரலாறும் ஊரிலேயே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை சாந்தோமில் தொடங்கி, சின்னமலை ஏறி, பரங்கிமலையில் பழைய பாரசீக எழுத்தான பஹ்லவி பொறித்த கற்சிலுவையைப் பார்த்துவிட்டு வாருங்கள். தூய தோமா இங்கே வந்ததாகச் சொல்வது பாரம்பரியம், அந்தக் கல் கண்முன் நிற்கும் சான்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகள் அங்கேயே கற்றுக்கொள்வார்கள்.

இதன் குறை, கனமான புத்தகங்கள் விலையும் கனம், அதிலும் வண்ணப்பட ஆங்கில நூல்கள். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால் உள்ளே பூச்சி ஓட்டை இருக்கிறதா என்று முதுகைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு பூச்சிப் புத்தகம் முழு அலமாரியையும் கெடுக்கும்.

## அந்த மூன்று வீடுகளுக்கு

பெரம்பூர்த் தங்கைக்கு: பாதிப் பணத்துக்குள் ரெம்பிராண்டின் தகப்பனும் மகனும், ஏ3 அளவில், மவுண்ட் அட்டை, அக்ரிலிக் முகப்போடு. மீதியில் இயேசு காவியம். மாமியாரும் நீங்களும் மாறி மாறி வாசிக்கலாம். அதற்கும் மேல் மிஞ்சினால் வைத்திருங்கள், அடுத்த வருஷம் படத்தை மாற்ற உதவும். ஃப்ரேம் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் தாள்தான் மாறும்.

ராயபுரத்துத் தகப்பனுக்கு: வரைபடம், அகராதி, பரங்கிமலைக்கு மின்ரயில் டிக்கெட். வரைபடத்தைப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள், பெரியவர்கள் குனிந்து பார்த்தால் போதும். அகராதி மேல்தட்டில் இருக்கட்டும். உங்கள் பக்கம் தண்ணீர் ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

அம்பத்தூர் டீச்சருக்கு: உரையோடு தேம்பாவணி. பேரன் தானாகப் படிப்பான் என்று எதிர்பார்க்க வேண்டாம், டீச்சர். திடப்படுத்தல் வகுப்பு முடிவதற்குள் உங்களுக்குப் பிடித்த பத்துப் பாடல்களை நீங்களே ஓசையோடு வாசித்து, பொருள் சொல்லி, அவன் போனில் பதிந்து கொடுங்கள். அவன் படிக்க வெளியூர் போனாலும் உங்கள் குரல் கூடப் போகும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியும் ஒரு வரியும் எழுதுங்கள். ஜெல் பேனா மட்டும் வேண்டாம், ஈரம் பட்டால் ஓடிவிடும். பால்பாயின்ட் போதும்.